குருவையா வரைந்த கண்கள்

எங்கள் ஊரில் படங்கள் கண்ணைத் திருப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, அதுவும் குழாயில் தண்ணீர் வருகிற நாள், அதனால் பாதிப் பொம்பளைகள் அதைப் பார்க்கவில்லை, பார்க்காதவர்கள்தான் இன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறார்கள், நானோ குடத்தைப் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளிடம் தள்ளிவிட்டுப் போனவள், நேரில் நின்றவள், அந்தக் கண்கள் அத்தனையும் பார்த்தது என் வீட்டுக்காரரை, ஆகவே இதை நான் சொல்வதுதான் முறை. வேறு யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர்கள் அன்றைக்குக் குழாயடியில் நின்றிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுகந்தபுரத்தில் ஆறு கிடையாது, மழை பேருக்குத்தான், ஆனால் தெருவுக்குத் தெரு அச்சகம் உண்டு, நாங்கள் மூச்சு விடுகிற காற்றிலேயே மசி வாசம் இருக்கும். அந்த அச்சகங்கள் எல்லாவற்றுக்கும் படம் போட்டுக் கொடுத்தவர் ஆர்ட்டிஸ்ட் குருவையா. தீப்பெட்டிக்கு மயில், பட்டாசுக்குப் புலி, சீயக்காய்ப் பொட்டலத்துக்குக் கூந்தலை விரித்த பொம்பளை, மூக்குப்பொடி டப்பாவுக்கு மீசைக்காரர், வயிற்றுவலி மருந்துக்குக் கொழுகொழு குழந்தை, காலண்டருக்கு லட்சுமி, பயில்வான், கிளி, யானை, நிலா, எந்தப் பெட்டிக் கடையில் சரம் சரமாக எது தொங்கினாலும் அதில் ஒரு முகமாவது அவர் போட்டதாக இருக்கும். டில்லிக்குக் கூப்பிட்டுப் பட்டயம் கொடுத்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்து அவர் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள், கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டால் கண் வரைய நேரம் பத்தவில்லை என்பார்.

என் வீட்டுக்காரர் பெயர் பால்வண்ணன். புருஷன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிற வெட்கமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது, போலீஸ் ஸ்டேஷனில் அத்தனை தரம் சொன்ன பிறகு இனி என்ன. அவர் எழுத்துக்காரர். ஒரு லேபிளில் முகத்தை ஒருவர் போடுவார், ‘அசல்’, ‘சுத்தமானது’, ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்கிற எழுத்தை இன்னொருவர் போடுவார், அதுதான் எங்கள் தொழில் வழக்கம். குருவையாவின் முகங்களுக்குக் கீழே முப்பது வருஷத்துக்கு மேல் இவர் எழுத்துதான். ஒரே மேஜை, அவர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம், நடுவில் ஒரு தம்ளர் தூரிகை, ஒரு தட்டு வெற்றிலை.

போன தை மாதம் குருவையா கண்ணை மூடினார். மதுரையில் இருக்கிற தங்கச்சி மகன் வந்து காரியத்தை முடித்துவிட்டு, வீட்டை அப்படியே அச்சக அதிபர்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். சங்கத் தலைவர் தனுஷ்கோடி அண்ணாச்சி அதைக் காப்பகமாக்கப் போகிறோம் என்று அறிவித்தார். சென்னையிலிருந்து நறுமுகை என்று ஒரு பெண் வந்தாள், படித்த பெண், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் காகிதத்தைத் தொடுவாள், அடுத்தவர் வீட்டு டிராயரைக் கையுறை போட்டுக்கொண்டு ஒருத்தி திறந்தால் சந்தேகம் வருமா வராதா, எனக்கு வந்தது. எந்தப் படம் எந்தக் கம்பெனிக்குப் போட்டது என்று சொல்ல ஆள் வேண்டுமே, அதற்கு என் வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டாள். இரும்பு டிராயர் டிராயராகத் திறந்தார்கள். பென்சில் கோடு, வண்ணம் பார்த்த துண்டுத் தாள், கம்பெனிக்காரன் வேண்டாமென்று திருப்பிய யானை, திருத்தச் சொன்ன லட்சுமி, பாதியில் நின்ற புலி, ஒரு டிராயர் முழுக்க வெறும் கண்கள், முகமே இல்லாமல் கண்கள் மட்டும் வரிசை வரிசையாக, பட்டர் பேப்பர் மூடி அடுக்கியிருந்தன. நான் ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனபோது அந்த டிராயரைப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

எல்லாம் இருந்தது, மயில் மட்டும் இல்லை. எங்கள் ஊரை ஊராக்கியதே அந்த மயில் தீப்பெட்டிதான், அதன் அசல் ஓவியத்தைத் திறப்பு விழாவில் வைக்கப் போகிறோம் என்று அண்ணாச்சி நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது, தேக்குச் சட்டமும் செய்தாகிவிட்டது, ஆனால் எந்த டிராயரைக் கவிழ்த்தாலும் மயில் விழவில்லை. வெறும் சட்டத்தையே கூடத்தின் நடுச் சுவரில் மாட்டினார்கள். அன்றைக்கே ஊரில் குசுகுசு ஆரம்பமாகிவிட்டது.

திறப்பு விழா அன்று அண்ணாச்சி வெளியே பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார், நாங்கள் வெயிலுக்குப் பயந்து உள்ளே கூடத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம், சுவரெல்லாம் படங்கள், கையில் கேசரி. “நம்ம மயிலை யாரோ எடுத்திருக்காங்க. எடுத்தவங்க வெளியூர் இல்ல” என்று ஸ்பீக்கர் சொன்ன அதே நேரத்தில் சுவரில் இருந்த லட்சுமி கண்ணைத் திருப்பினாள். அப்புறம் குழந்தை, அப்புறம் பயில்வான், சீயக்காய்க்காரி, மூக்குப்பொடி மீசைக்காரர், புலி, கிளி, ஒற்றைக் கண் தெரிகிற மாதிரி போட்ட யானைகூட அந்த ஒற்றைக் கண்ணைத் திருப்பியது. முகம் அசையவில்லை, கருவிழி மட்டும் நகர்ந்தது. எல்லாம் நகர்ந்து போய் வெறும் சட்டத்துக்குப் பக்கத்தில் கேசரியோடு நின்றிருந்த என் வீட்டுக்காரர் மேல் நின்றன.

“கண்ணு திரும்பிருச்சு” என்றார் பின்னாலிருந்து ஒருவர், தண்ணீர் வந்துருச்சு என்று சொல்கிற மாதிரி. அவ்வளவுதான். யாரும் மயங்கி விழவில்லை, சூடம் கொளுத்தவில்லை, படம் எப்படிக் கண்ணைத் திருப்பும் என்று ஒரு சீவன் கேட்கவில்லை. இவர் நெளிந்து இடது பக்கம் நகர்ந்தார், கண்களும் நகர்ந்தன. வலது பக்கம் வந்தார், வந்தன. அப்புறம் எல்லோரும் கேசரியை வைத்துவிட்டு இவரைப் பார்த்தார்கள், சுவரில் இருந்தவர்களும் தரையில் நின்றவர்களும் ஒரே ஆளைப் பார்த்தால் அந்த ஆள் என்னதான் செய்வார், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். குனிந்தது தப்பு. குனியாமல் போயிருந்தால் திமிரைப் பார் என்றிருப்பார்கள், அது வேறு.

நான் சும்மா இருக்கவில்லை. தெரு முனையில் நின்று கத்தினேன். “என் வீட்டுக்காரர் எடுத்ததை எவன் பார்த்தான், பேப்பர்ல இருக்கற பொம்மை சாட்சின்னா உங்க வீட்டு உறுதிப் பத்திரத்துல இருக்கற சிங்கத்தையும் கூட்டிட்டு வாங்க” என்றேன். இன்ஸ்பெக்டர் காப்பகத்துக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று கையை விரித்தார், ஆனாலும் இவரை நாலைந்து நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சங்கம் கூடிப் பேசியது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கொடியேற்றத்துக்குள் மயில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் பால்வண்ணனுக்கு ஊரில் எந்த அச்சகமும் வேலை கொடுக்காது, எவன் கொடுத்தாலும் அவனுக்குச் சங்கத்தில் இடமில்லை. எழுத்து எழுதுவதைத் தவிர இவருக்கு ஒரு வேலையும் தெரியாது. இந்த ஊரைவிட்டால் எங்களுக்குப் போக்கிடமும் கிடையாது.

வெளியே அப்படிக் கத்தினேன் என்கிறேனே, வீட்டுக்குள் என்ன செய்தேன் தெரியுமா, தேடினேன். அவர் குளிக்கப் போனால் பரணில் தேடினேன், அரிசி டிரம்முக்குள் கையை விட்டேன், கட்டில் மெத்தையைத் தூக்கினேன், அவர் சட்டையைத் துவைக்கும் முன்னால் பையைத் துழாவினேன். ஏன் என்றால் மனுசன் வாயைத் திறக்கவில்லை. எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊரையே எரித்திருப்பேன். “எடுத்தீங்களா?” என்று கேட்டேன். “சாப்பாட்டை வை” என்றார். “எடுக்கலைன்னாவது சொல்லுங்க.” “வை.” பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொள்வார். அப்புறம் மத்தியானம் ஆனால் போதும், காப்பகத்துப் பின்வாசல் வழியாக உள்ளே போய்விடுவார், அந்த நறுமுகை விடுகிறாள், இரண்டு மணி நேரம் அங்கே என்ன வேலை, யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கட்டினவள் எனக்கே தெரியாது என்றால் என் நெஞ்சு எப்படி இருக்கும்.

அதற்குள் ஊர் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதற்கும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். சங்கிலி தொலைத்த மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள், கடையில் எடை குறைகிறது என்று எடைபோடுகிறவனை முதலாளி கூட்டிப் போனார், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சேர்த்து மாப்பிள்ளையையும் ஒரு நடை அங்கே நிறுத்திப் பார்த்தார்கள், சங்கம் வாசலில் கயிறு கட்டி வரிசை விட்டது, வரிசையில் நிற்கிறவர்களுக்கு மோர் விற்க ஒருத்தி வந்தாள். கண் யார் மேல் விழுந்ததோ அவர்கள் கதை முடிந்தது. மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனாள், எடைபோடுகிறவன் வேலை போயிற்று, பெண் வீட்டார் வந்த வண்டியிலேயே திரும்பினார்கள். போகாதவன் மேல் சந்தேகம், போனவன் மேல் சந்தேகம், போய் ஒன்றும் நடக்காமல் திரும்பியவன் மேல் அதைவிடச் சந்தேகம், என்னத்தையோ பூசிக்கொண்டு போயிருக்கிறான் என்றார்கள். பெட்டிக் கடைக்காரர்கள் சரத்தில் தொங்குகிற பொட்டலங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தொங்கவிட்டார்கள். அவை அச்சடித்த படம்தான், அசையவில்லைதான், ஆனாலும் எதற்கு வம்பு. பிச்சம்மாள் தன் வீட்டுக் காலண்டர் லட்சுமிக்குத் துண்டு போர்த்திவிட்டாள், விளக்கேற்றும்போது மட்டும் எடுப்பாள்.

கொடியேற்றம் நெருங்க நெருங்க என்னால் தாங்க முடியவில்லை. திருடன்தான் என்றாலும் தெரிந்துவிட்டால் தேவலை என்று ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் அவர் போன கொஞ்ச நேரத்தில் நானும் அதே பின்வாசல் வழியாகப் போனேன்.

கூடத்தில் அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் செய்யவில்லை. கையில் காகிதம் இல்லை, பை இல்லை. எதிரே குருவையாவின் மேஜை, அந்தப் பக்கத்து நாற்காலி காலி, இந்தப் பக்கம் இவர். சுவரில் இருந்த அத்தனை கண்ணும் இவர் மேல். பார்த்துக்கொண்டே நின்றேன், எங்களுக்குக் கல்யாணமான அன்றைக்குக்கூட இந்த மனுசனை இத்தனை பேர் பார்க்கவில்லை என்று ஒரு எண்ணம் வேறு வந்து தொலைத்தது. ஒரு எட்டு எடுத்து வைத்தேன். லட்சுமியின் கண் அசைந்தது. குழந்தையின் கண், புலியின் கண், எல்லாம் அவரை விட்டுவிட்டு மெதுவாக வந்து என் மேல் நின்றன.

நான் யார் வீட்டுக் கறிவேப்பிலையையாவது கிள்ளியிருப்பேனே ஒழிய ஒரு பொருளைத் தொட்டவள் இல்லை. எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், பயம் இல்லை, கோபம். சீயக்காய்க்காரி முன்னால் போய் நின்றேன். “என்னத்தடி பார்க்கிற, நான் எதை எடுத்தேன்?” என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் அப்போதுதான் கேட்டேன்.

“ஏ ஆவுடை, அது திருடனைத் தேடற கண்ணு இல்ல. கடைக்கு வர்ற கிராக்கியைத் தேடற கண்ணு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். குருவையா முகம் எல்லாம் வீட்டில் இருந்தே போடுவார், கண் மட்டும் போடமாட்டார். கண் இல்லாத படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பஜாரில் ஏதாவது ஒரு கடையில் பொட்டலத்தோடு பொட்டலமாகத் தொங்கவிடுவார், எதிரே டீக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, போகிற வருகிற சனத்தில் யார் நிற்கிறார்கள், யார் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், யார் வேண்டாமென்று நாலு எட்டு போய்த் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்துதான் கண்ணைப் போடுவார். அச்சகக்காரர்கள் கேட்டதே அதுதான், அண்ணா, கண்ணு கடைக்கு வர்றவனைப் பிடிக்கணும் என்பார்கள். கூட்டத்தில் எவனுக்கு என்ன குறையோ, எவன் மனசு எதுக்கோ ஏங்குகிறதோ, அவனைக் கண்டுபிடிக்கிற மாதிரி கண்ணைப் பழக்க வேண்டும் என்று குருவையா சொல்வாராம். பழக்கிவிட்டார். சாகும்வரை சொல்லிக்கொடுத்தார், அவர் போன பிறகு அது தன்னால் தேட ஆரம்பித்துவிட்டது.

“அப்போ மயிலு?”

“மயிலுக்கு ஏது பேப்பர்? அது நேரா கல்லுல போட்டது. அந்தக் காலத்துல கல்லுலதான் வரைஞ்சு அடிக்கறது. அடிச்சு முடிச்சதும் அடுத்த வேலைக்குக் கல்லு வேணும்னு அண்ணாச்சியோட அப்பா மணலைப் போட்டுப் படத்தை அரைச்சு அழிக்கச் சொல்லிட்டார். அரைச்சதே நாந்தான், வேலைக்குச் சேர்ந்த புதுசு. இல்லாத பேப்பருக்குப் போய் அண்ணாச்சி நோட்டீஸ் அடிச்சிட்டார்.”

“இதைச் சங்கத்துல சொல்ல வேண்டியதுதான! வாயில கொழுக்கட்டையா?”

அவர் தரையைப் பார்த்தார். “சொன்னா, அப்போ உனக்கு என்னய்யா குறைன்னு கேப்பாங்க.”

என்ன குறை என்று நானும் கேட்டேன். அவர் எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். நானும் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. என்னை ஏன் பார்த்தன என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனுசன் திருடனாக இருக்கக்கூடாதே என்று என் அடிவயிறு கிடந்து தவித்த தவிப்புக்கு முன்னால் அந்த நேரத்தில் ஊரில் வேறு எவள் தவிப்பும் நிற்காது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த எடைபோடுகிறவனை நினைத்தேன், பொண்டாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்தாளே அவனுக்கு. அந்த மருமகள் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்ததோ. மாப்பிள்ளைப் பையனுக்கு வேறு யார் மேலாவது மனசு இருந்திருக்கும். பாவிகளா, ஏங்கினவர்களை எல்லாம் பிடித்துத் திருடன் ஆக்கி அனுப்பிவிட்டோமே என்று வாய்விட்டே சொன்னேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சங்கம் காப்பகத்திலேயே கூடியது, தீர்ப்பு சொல்ல. கூடத்தில் நிற்க இடமில்லை. என் வீட்டுக்காரரை நடுவில் நிறுத்தினார்கள், கண்கள் வழக்கம்போல வந்து அவர் மேல் உட்கார்ந்தன. தனுஷ்கோடி அண்ணாச்சி வழக்கம்போல வாசலிலேயே நின்றார். காப்பகம் திறந்த நாளிலிருந்து அவர் அந்த வாசல்படியைத் தாண்டியதில்லை, முதலாளி என்பதால் எவனும் கேட்கவும் இல்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன், கிராக்கிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன், கண்ணில்லாத படத்தைக் கடையில் தொங்கவிட்டதைச் சொன்னேன், கல்லை மட்டும் சொல்லவில்லை, அது இவர் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டேன். கிராக்கியைப் பிடிக்கிற கண் வேண்டுமென்று ஆர்டர் கொடுத்தவர்கள்தானே அங்கே நின்றவர்கள் எல்லாம், அவர்களுக்கு அது உடனே புரிந்தது, புரிந்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, நீங்களும் ஒருக்கா உள்ள வந்து நில்லுங்க” என்றேன்.

அவர் வரவில்லை. “நான் எதுக்கும்மா” என்றார். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள், இனி வராமல் இருக்க முடியாது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியைத் தாண்டினார். முதலில் பயில்வான் திரும்பினார். அப்புறம் லட்சுமி. குழந்தை, புலி, மீசைக்காரர், எல்லாக் கண்ணும் என் வீட்டுக்காரரை அப்படியே விட்டுவிட்டு அண்ணாச்சி மேல் போய் நின்றன, நறுமுகை ஓடிப்போய் அந்தக் கண் டிராயரைத் திறந்து பார்த்தாள், முகமில்லாத கண்களும் பட்டர் பேப்பருக்கு அடியில் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

“அண்ணாச்சிக்கு என்ன குறை?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். மெதுவாகத்தான் கேட்டார்கள்.

அவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பேப்பர் கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன், மசி விற்கிறவர் பார்த்ததையும் பார்த்தேன், அண்ணாச்சியின் பெரிய மிஷின் ரிப்பேர் என்று மாசக்கணக்காக நிற்கிறதே, நிஜமாகவே ரிப்பேர்தானா என்று அவர்கள் மனசுக்குள் ஓடியது எனக்கே கேட்டது. எங்கள் ஊரில் ஒருத்தனுக்குக் குறை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நாளைக்கு அவன் வாசலுக்கு ஒரு ரீம் காகிதம் வராது, மகளுக்குச் சம்பந்தம் வராது, பொங்கலுக்கு முதல் மரியாதை வராது. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“மயிலை எடுத்தது நாந்தான்” என்றார்.

கூடமே மூச்சு விட்டது. நிஜமாகச் சொல்கிறேன், எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி, கண் தேடுவது குறையைத்தான் என்றால் நாளைக்கு அவர்கள் முறையும் வருமே. பார்த்தியா, திருடனைத்தான் பார்க்கிறது, நாங்க அப்பவே சொன்னோம்ல என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். எதற்கு எடுத்தீர்கள் என்றதற்கு ஆசைதான் என்றார், எங்கே என்றதற்குக் கரையான் அரித்துவிட்டது என்றார். பெரிய மனுசன், தப்பை ஒத்துக்கொண்டார் என்று பாராட்டாத குறைதான். அம்மனுக்கு ஒரு வெள்ளிக் குடம் செய்து வைக்கச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், அப்புறம் வேண்டாமென்று தூக்கிப் போட்டுவிட்டார்கள், இன்றைக்கும் காப்பகத்து வாசலில் வரிசை நிற்கிறது, மோர்க்காரி கடையே போட்டுவிட்டாள். அண்ணாச்சி வெளியே போகும்போது என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார், சொல்லிவிடாதே என்கிற பார்வை. இவர் தலையை மட்டும் ஆட்டினார். இல்லாத காகிதத்தை எடுத்ததாகச் சொன்ன மனுசன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

மறுநாளே இவருக்கு வேலை வந்தது. ஊர் சிரித்துப் பேசியது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. திருடன் இல்லை என்று தெரிந்துவிட்டது, சரி, அப்போது என்ன குறை? பழைய சந்தேகமாவது ஒரு காகிதத்தோடு நின்றது, இந்தப் புதுச் சந்தேகத்துக்கு எல்லையே இல்லை. என் சமையலா, நானா, வேறு எவளாவதா, பிள்ளைகள் தூரத்தில் இருப்பதா, அந்தச் சென்னைப் பெண் எதற்காக இவருக்கு மட்டும் பின்வாசலைத் திறந்தாள், எல்லாவற்றையும் போட்டுப் புரட்டினேன். பொங்கல் முடிந்து பந்தல் பிரித்த அன்று காலையில் காபியை அவர் முன்னால் வைத்தேன், தம்ளரை விடவில்லை.

“குறை என்னன்னு சொன்னாத்தான் காபி” என்றேன்.

தம்ளரை இழுத்துப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. அப்புறம் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கிட்ட யாரும் துட்டி கேக்கல, ஆவுடை.”

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் செத்தவரின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் துட்டி கேட்க வேண்டும். ஆண்கள் கையைத் தொடுவார்கள், பொம்பளைகள் கட்டிக்கொண்டு அழுவார்கள், எப்படி ஆச்சு, கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்பார்கள், கேட்கக் கேட்கத்தான் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். குருவையா செத்த அன்று மதுரைத் தங்கச்சி மகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவன், ஊரே வரிசையாகப் போய் அவன் கையைத் தொட்டது. இவர் பந்தல் ஓரத்தில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக ஒரு ஆயுசு உட்கார்ந்தவர், ஆனால் என்ன உறவு, எழுத்துக்காரர், எழுத்துக்காரரிடம் எவன் துட்டி கேட்பான். நானும் அன்றைக்கு அந்தத் தங்கச்சி மகனின் பொண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

காபியை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே போய் வெளுத்துப்போன ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டேன், வாசல் வழியாகத் தெருவில் இறங்கினேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த பிச்சம்மாள் என் சேலையைப் பார்த்துவிட்டு, “யாருடி போயிட்டா?” என்றாள்.

“குருவையா.”

“அவரு போயி மாசக்கணக்காச்சேடி.”

“இன்னும் கேக்க வேண்டிய எடத்துல கேக்கல” என்றேன்.

பிச்சம்மாள் என்னைப் பார்த்தாள், எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தாள். கோலப்பொடி டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் கூட எங்கள் வீட்டுக்குள் வந்தாள். துட்டி வீட்டில் வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடக் கூடாது, இவர் எங்களைக் கூப்பிடவில்லை, எழுந்து மட்டும் நின்றார். நான் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன், பிச்சம்மாள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

“கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாரோ?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார். “ஒரு சீயக்காய்ப் படம் பாதியில இருந்துச்சு. எழுத்துக்கு எடம் விட்டிருக்கேன் பாத்துக்கோடான்னு சொன்னார். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல.” அதைச் சொல்லும்போதே அவர் உடைந்துவிட்டார். சின்னப் பிள்ளை அழுவது மாதிரி வாய் கோணி அழுதார், நான் கையை விடவில்லை, பிச்சம்மாளும் நானும் சேர்ந்து அழுதோம், குருவையாவுக்காக அழுதேனா இவருக்காக அழுதேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெயில் ஏறுகிற வரைக்கும் அவர் குருவையாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

துட்டி கேட்டவர்கள் போய்ட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நானும் பிச்சம்மாளும் பேசாமல் எழுந்து வாசல் வழியாகத் தெருவுக்குப் போனோம். அவள் கோலத்தைத் தொடரப் போனாள், நான் பின்சந்து வழியாகச் சுற்றி வந்து, அடுப்படிக் கதவைத் திறந்து உலை வைத்தேன்.